ஒற்றை டவரா, இரட்டை டவரா: பிராசசரின் வெப்பத்துக்கு ஏற்ற காற்றுக் கூலரைத் தேர்ந்தெடுத்தல்

பிராசசருடன் பெட்டியிலேயே வரும் கூலரைக் கழற்றிவிட்டுத் தனியாக ஒன்றை வாங்கிப் பொருத்த நினைப்பவர் முன் இன்று முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. உலோகத் தகடுகளின் அடுக்கு ஒன்று கோபுரம்போல் நிற்க, நான்கு வெப்பக்குழாய்களும் 120 மி.மீ. விசிறி ஒன்றும் கொண்ட ஒற்றை டவர் கூலர், அத்தகைய இரண்டு அடுக்குகளோடு ஆறு அல்லது ஏழு குழாய்களும் இரண்டு விசிறிகளும் கொண்ட இரட்டை டவர் கூலர், குறுகிய கேபினெட்டுகளுக்கான உயரம் குறைந்த தட்டைக் கூலர் ஆகியவையே அவை. நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிறிய கூலரோடு நிறுத்திக்கொண்டு, பிராசசர் இழுக்கும் மின்சாரத்துக்கு பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில், வரம்பு வைப்பதே அந்த வழி. பிராசசரின் பெயரையோ திரையில் தெரியும் உச்ச வெப்பநிலையையோ பார்த்து இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது தொடர்ச்சியாக எத்தனை வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, அந்த வெப்பம் எவ்வளவு சிறிய பரப்பிலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், முடிவு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

வாட் கணக்கில் முதலில் கவனிக்க வேண்டியது, விளம்பரத்தில் முன்னால் நிற்கும் எண் உண்மையான உச்சத்தைச் சொல்வதில்லை என்பது. இன்டெல் கோர் ஐ5-12400க்கு அடிப்படை மின்திறன் 65 வாட். ஆனால் வேகத்தைத் தற்காலிகமாக உயர்த்தும் டர்போ நிலையில் அதன் அதிகாரபூர்வ உச்சம் 117 வாட். கோர் ஐ9-13900கே பிராசசருக்கு இதே எண்கள் 125 வாட், 253 வாட் என்று இருக்கின்றன. ஏஎம்டி தன் மேசைக்கணினி ரைசன்களில் டிடிபி (வெப்ப வடிவமைப்பு மின்திறன்) என்று ஓர் எண்ணையும், பிராசசர் பொருந்தும் இடமான சாக்கெட்டின் வழியே செல்ல அனுமதிக்கப்பட்ட மொத்த மின்திறனாக பிபிடி என்று மற்றோர் எண்ணையும் வைக்கிறது. இரண்டாவது எண் பொதுவாக முதல் எண்ணைப்போல் 1.35 மடங்கு. ஆகவே 65 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் 5 7600 உண்மையில் 88 வாட் வரைக்கும், 105 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் 7 7700எக்ஸ் 142 வாட் வரைக்கும், 170 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரைக்கும் செல்லக்கூடியவை. கூலரைத் தேடும்போது கையில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்தான்.

அடுத்ததாக, ஒரு சிறு கணக்கு. கூலரின் திறனை ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற வெப்பத்தடையாகச் சொல்வார்கள். பிராசசர் வெளியிடும் வாட்டை அதனால் பெருக்கினால், கூலரின் அடித்தட்டு சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கும் என்பது கிடைக்கும். கணக்குக்காக, ஒற்றை டவர் ஒன்றின் வெப்பத்தடையை 0.20 என்றும் இரட்டை டவர் ஒன்றின் வெப்பத்தடையை 0.15 என்றும் வைத்துக்கொள்வோம். 80 வாட் வெளியிடும் பிராசசரில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 4 டிகிரி. அதே இரண்டு கூலர்களை 240 வாட் வெளியிடும் பிராசசரில் பொருத்தினால் வேறுபாடு 12 டிகிரி ஆகிவிடும். கூலர் மதிப்புரைகள் பெரும்பாலும் மிக அதிக மின்சாரம் இழுக்கும் பிராசசர்களைக் கொண்டே செய்யப்படுகின்றன. கூலர்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிவதற்கு அதுவே சரியான முறை. ஆனால் அந்த வரைபடத்தில் காணும் 12 டிகிரி தன் 80 வாட் பிராசசரிலும் குறையும் என்று எதிர்பார்த்துப் பெரிய கூலரை வாங்குபவர் ஏமாற்றம் அடைவது உறுதி.

இனி பரப்பின் பிரச்சினைக்கு வருவோம். இந்த விஷயத்தில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். 13900கே பிராசசரின் சிலிக்கான் சில்லு ஏறத்தாழ 257 சதுர மி.மீ. பரப்புள்ள ஒரே துண்டு. அதில் 253 வாட் பரவினால், மொத்தமாகப் பார்க்கையில், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1 வாட் ஆகிறது. 7700எக்ஸ் பிராசசரிலோ கணக்கிடும் பகுதிகளான எட்டு கோர்களும் ஏறத்தாழ 71 சதுர மி.மீ. அளவுள்ள சின்னஞ்சிறு சில்லு ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளீடு-வெளியீட்டு வேலைகளுக்கான தனிச் சில்லு எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்த பிறகும், 142 வாட்டில் பெரும்பகுதி அந்தச் சிறு சதுரத்திலிருந்தே வெளியேற வேண்டியிருக்கிறது. சதுர மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால், மொத்த மின்சாரம் குறைவான இந்தப் பிராசசரில்தான் வெப்ப நெருக்கம் அதிகம். போதாக்குறைக்கு, ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக, ரைசன் 7000 வரிசை பயன்படுத்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கான பிராசசர்களின் மேல்மூடி உலோகத் தகடும் தடிமனாகவே அமைக்கப்பட்டது. மதகின் வாய் குறுகியிருக்கும்போது வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வயலுக்கு வரும் நீர் கூடாது. இங்கே மதகு சிலிக்கானுக்கும் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கிறது, நாம் வாங்கும் கூலரோ வாய்க்கால் மட்டுமே. இதனால்தான் ஒற்றை டவரிலிருந்து இரட்டை டவருக்கு மாறிய ரைசன் பயனர் பலருக்குச் சில டிகிரிகளே குறைகின்றன. அவர்களுடைய கூலர் பழுதானதும் அல்ல, பொருத்தியதில் பிழை இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எக்ஸ் என்று முடியும் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள், கடுமையான வேலையின்போது மின்வரம்பையோ 95 டிகிரியையோ எது முதலில் வருகிறதோ அதைத் தொடும் வரை வேகத்தை உயர்த்திக்கொண்டே செல்லும்படி வடிவமைக்கப்பட்டவை. 95 டிகிரியில் தொடர்ந்து இயங்குவது ஆபத்தானது அல்ல என்று ஏஎம்டி வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட 7950எக்ஸ் ஒன்றின்மேல் சிறந்த கூலரை வைத்தாலும் கடும் வேலையில் திரையில் 95 என்றே தெரியலாம். கூலரின் பலன் வெப்பநிலையில் தெரியாமல் மெகாஹெர்ட்ஸில் தெரியும். 13900கே பிராசசரின் எல்லை 100 டிகிரி. கோர்களின் மேலே அடுக்கிய கூடுதல் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவுக்கான அதிவேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரின் எல்லை 89 டிகிரி. அதற்கு அடுத்து 2024இல் வந்த 9800எக்ஸ்3டி பிராசசரில் அந்தக் கேஷ் கோர்களுக்குக் கீழே மாற்றப்பட்டதால் வெப்பம் வெளியேறும் வழி எளிதாகி, எல்லையும் 95 டிகிரி ஆனது. முதல் தலைமுறை ரைசன் 7 1800எக்ஸ் பிராசசரில் விசிறிக் கட்டுப்பாட்டுக்காகவே உண்மையான அளவோடு 20 டிகிரியைக் கூட்டிக் காட்டினார்கள் என்பதையும் நினைவில் வைத்தால், ஒரு பிராசசரின் டிகிரியை இன்னொரு பிராசசரின் டிகிரியோடு ஒப்பிடுவதில் எவ்வளவு குறைந்த பொருள் இருக்கிறது என்பது விளங்கும்.

இப்போது ஒற்றை டவர் கூலரை எடுத்துக்கொள்வோம். டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஆகியவை இந்த வகையின் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இரண்டிலும் நான்கு வெப்பக்குழாய்கள். குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் அடித்தட்டின் சூட்டில் ஆவியாகி, மேலே தகடுகளுக்கு நடுவே குளிர்ந்து மீண்டும் திரவமாகி, உட்சுவரின் நுண்துளைப் பூச்சு வழியே கீழே திரும்புகிறது. ஒரு குழாய் இவ்வாறு கடத்தக்கூடிய வெப்பத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால்தான் குழாய்களின் எண்ணிக்கை முக்கியமாகிறது. 88 வாட் ரைசன், 117 வாட் ஐ5, விளையாட்டுகளில் பெரும்பாலும் 100 வாட்டுக்குள்ளேயே நின்றுவிடும் 7800எக்ஸ்3டி ஆகியவற்றுக்கு நான்கு குழாய்கள் தாராளமாகப் போதும். 142 வாட் பிராசசர்களையும் இந்த வகைக் கூலர் தாங்கும். விசிறி சற்று வேகமாகச் சுற்றும், அவ்வளவே. நினைவகப் பலகைகளின் (ரேம்) மேல் விசிறி கவிந்து நிற்பதில்லை, எடை குறைவு, பொருத்துவது எளிது. தனியாகக் கூலர் வாங்க வேண்டிய பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

இரட்டை டவர் கூலரின் உண்மையான சிறப்பு அது காட்டும் குறைந்த வெப்பநிலையில் அல்ல, அது தரும் அமைதியில் இருக்கிறது. விசிறியின் இரைச்சல் அதன் வேகத்தோடு மிக விரைவாக ஏறுகிறது. விசிறிகளுக்கான பொது விதிப்படி, வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் இரைச்சல் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும், ஒரேமாதிரியான இரண்டாவது விசிறியைச் சேர்த்தாலோ 3 டெசிபல்தான் கூடும். அதாவது, மெதுவாகச் சுற்றும் இரண்டு விசிறிகள், வேகமாகச் சுற்றும் ஒற்றை விசிறியைவிட அமைதியாக இருந்துகொண்டே அதற்கு நிகரான குளிர்ச்சியைத் தர முடியும். தகடுகளின் பரப்பும் இங்கே அதிகம் என்பதால் இந்த ஆதாயம் இன்னும் பெருகுகிறது. பெரும்பாலான ஒப்பீடுகள் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் சுழலவிட்டு அளந்து, இந்த ஆதாயத்தைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. ஒரே இரைச்சல் அளவில், ஒரே வாட்டில் அளந்த எண்களையே ஒப்பிட வேண்டும். அப்படி அளக்காத வரைபடத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இந்த வகைக்குள்ளும் தேர்வு உண்டு. ஆறு குழாய்கள் கொண்ட தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ. உயரம், ஏழு குழாய்கள் கொண்ட பாந்தம் ஸ்பிரிட் 120 எஸ்இ அதற்கு அடுத்த படி. 2014இல் வெளிவந்த நாக்டுவா என்ஹெச்-டி15 நீண்ட காலம் காற்றுக் கூலர்களின் அளவுகோலாகவே கருதப்பட்டது. ஆறு குழாய்கள், 165 மி.மீ. உயரம், இரண்டு விசிறிகளோடு 1,320 கிராம் எடை. 2024இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் குழாய்கள் எட்டு ஆயின, உயரம் 168 மி.மீ. ஆனது. சிறிய இரட்டை டவர்களுக்கும் இந்தப் பெரிய கூலர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒற்றை டவருக்கும் சிறிய இரட்டை டவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடக் குறைவு. ஆகவே 142 வாட் பிராசசரை அமைதியாக இயக்க விரும்புபவர் 155 மி.மீ. கூலரோடு நின்றுவிடலாம். 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் வேலை வாங்குபவருக்கே, அதாவது காணொளி ரெண்டரிங், பெரிய நிரல் தொகுப்பு போன்றவற்றைச் செய்பவருக்கே, அதற்கும் மேலான கூலர் தேவைப்படும். 253 வாட்டை இடைவிடாமல் இழுக்கவிட்டால் காற்றுக் கூலர்களில் மிகப் பெரியதும் எல்லைக்கு மிக அருகில் போய் நிற்கும். அந்த நிலையில் 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட திரவக் கூலருக்குப் போவதா, மின்வரம்பு வைப்பதா என்பதே கேள்வி, எந்தக் காற்றுக் கூலர் என்பது அல்ல.

தட்டைக் கூலர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேபினெட் கட்டாயப்படுத்தினால் மட்டுமே அவற்றை வாங்க வேண்டும். 37 மி.மீ. உயரமே உள்ள நாக்டுவா என்ஹெச்-எல்9ஐ போன்றவை 65 வாட் அளவில் நின்றுகொள்ளும் பிராசசர்களுக்கு உரியவை. காற்று மேலிருந்து மதர்போர்டை நோக்கி வீசுவதால் மின்னழுத்தச் சீராக்கிகளும் குளிர்வது இவற்றின் கூடுதல் நன்மை. பெட்டியோடு வரும் கூலரும் வெப்பத்தால் பிராசசர் கெடாமல் காப்பதற்குப் போதுமானதே. அதன் குறை இரைச்சலும், நீண்ட நேர வேலையில் வேகம் சற்றுத் தணிவதும்தான்.

நான்காவது வழிதான் என்னைப் பொறுத்தவரை முதலில் முயல வேண்டியது, ஏனெனில் அதற்குச் செலவே இல்லை. பிராசசர் தன் உச்ச வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டுவதற்கு மின்னழுத்தத்தை மிகவும் உயர்த்த வேண்டியிருக்கிறது. மின்திறன் மின்னழுத்தத்தின் இருபடியோடு கூடுவதால், கடைசியில் கிடைக்கும் சிறிது வேகத்துக்கு மிகப் பெரிய அளவு வெப்பத்தை விலையாகத் தருகிறோம். 230 வாட் செல்லும் 7950எக்ஸ் பிராசசரை எக்கோ முறை என்ற ஏஎம்டியின் மின்சேமிப்பு அமைப்பில் 105 வாட் டிடிபிக்கு, அதாவது 142 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினால், எல்லாக் கோர்களும் இயங்கும் வேலைகளிலும் இழப்பு சிறிதாகவே இருக்கிறது. விளையாட்டுகளில் அது தெரிவதேயில்லை என்று சொல்லலாம். வெப்ப நெருக்கம் அதிகமுள்ள ரைசன்களில், கூலரை மாற்றிப் பெற முடியாத 15, 20 டிகிரிக் குறைவை இந்த ஒரு வரம்பு தந்துவிடும், ஏனெனில் மதகின் வழியே செல்ல வேண்டிய வெப்பத்தையே அது குறைக்கிறது. பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற ஏஎம்டியின் வசதி மூலம் மின்னழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தினால் வேகத்தை இழக்காமலே வெப்பம் குறையும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கணினி நிலையாக இயங்குகிறதா என்பதைப் பொறுமையாகச் சோதிக்க வேண்டும்.

இன்டெல் பக்கத்தில் இது இன்னும் அவசரமான விஷயம். பல மதர்போர்டுகள் இன்டெல் வகுத்த மின்வரம்புகளைத் தாமாகவே நீக்கிவிட்டு இயங்கின; 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களில் நிலையின்மைச் சிக்கல் பரவலாகப் பேசப்பட்ட 2024இல், இன்டெல் தன் இயல்புநிலை அமைப்புகளைப் பின்பற்றும்படி கூறியதோடு, மிகையான மின்னழுத்தத்தைத் தடுக்கும் மைக்ரோகோடு (பிராசசருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்களையும் வெளியிட்டது. இந்தத் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் புதிய கூலரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பயாஸைப் புதுப்பித்து, வரம்புகள் இயங்குகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

கூலரும் பிராசசரும் தொடும் இடத்திலும் சில டிகிரிகள் ஒளிந்திருக்கின்றன. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான பிராசசர்கள் பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பூட்டும் அமைப்பு பிராசசரின் நடுப்பகுதியை அழுத்தி மேல்மூடியைச் சற்றே வளைப்பதால், தட்டையான அடித்தட்டு முழுவதும் படிவதில்லை. மாற்றுச் சட்டகம் பொருத்தினால் இது சீராகும். ஆயினும் சாக்கெட்டின் அமைப்பை மாற்றினால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பது இன்டெல்லின் நிலைப்பாடு. மேலே சொன்ன நாக்டுவாவின் இரண்டாம் தலைமுறைக் கூலர், அடித்தட்டின் குவிவு வேறுபடும் மூன்று வகைகளாக விற்கப்படுவதற்கும் இதுவே காரணம். ஏஎம்5 பிராசசர்களில் கோர்ச் சில்லுகள் நடுவிலிருந்து ஒரு பக்கமாக விலகியிருப்பதால், கூலரை அந்தப் பக்கம் சில மி.மீ. நகர்த்திப் பொருத்தும் பட்டைகள் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்; ஓரிரு டிகிரி எளிதாகக் குறையும். தெர்மல் பேஸ்ட்டைப் பொறுத்தவரை, நல்ல பேஸ்ட்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிது. மேல்மூடி முழுவதும் அது பரவியிருப்பதும், திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குவதும் பெயரைவிட முக்கியம்.

வாங்கிய கூலரைச் சோதிக்கும்போது அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். கடும் வேலையைக் குறைந்தது பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். பெரிய கூலரின் உலோகம் முழுவதும் சூடேற நேரம் பிடிப்பதால், முதல் இரண்டு நிமிடங்களின் எண் எப்போதும் அழகாகவே இருக்கும். வெப்பநிலையோடு வாட்டையும் கோர் வேகத்தையும் ஒருசேரப் பதிவுசெய்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்தவுடன் பிராசசர் பல டிகிரி இறங்கினால் குறை கூலரில் இல்லை, கேபினெட்டுக்குள் காற்று வந்துபோகும் வழியில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு விசிறி சேர்ப்பது அங்கே எந்தக் கூலர் மாற்றத்தையும்விடப் பயன்தரும். மற்றபடி, உலாவியைத் திறந்ததும் வெப்பம் ஒரு நொடி 15 டிகிரி துள்ளுவது புதிய பிராசசர்களின் இயல்பு. விசிறி அதற்கெல்லாம் எழுந்து இரையாமல் இருக்க, பயாஸில் அதன் எதிர்வினையைச் சில நொடிகள் தாமதப்படுத்தினால் போதும்.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கேபினெட் அனுமதிக்கும் கூலர் உயரம், நினைவகப் பலகைகளின் உயரம், சாக்கெட்டின் வகை. என்ஹெச்-டி15 போன்ற கூலரில் இரண்டு விசிறிகளும் இருக்கும்போது நினைவகத்துக்குக் கிடைக்கும் இடம் 32 மி.மீ. மட்டுமே, உயரமான பலகைகள் இருந்தால் முன்விசிறியை மேலே தூக்க வேண்டிவரும், அப்போது கூலரின் மொத்த உயரமும் கூடிவிடும். ஏற்கெனவே ஒரு நல்ல கூலர் வைத்திருப்பவர் புதியது வாங்க வேண்டியதே இல்லாமலும் போகலாம். ஏஎம்4 மதர்போர்டின் சொந்தப் பின்தகட்டில் (பலகையின் மறுபக்கத்தில் கூலரைத் தாங்கும் தகடு) திருகப்பட்ட கூலர் ஏஎம்5 பலகையிலும் அப்படியே பொருந்தும். தனக்கென்று வேறு பின்தகடு கொண்டுவரும் கூலர் பொருந்தாது, ஏனெனில் ஏஎம்5இல் பின்தகட்டைக் கழற்ற முடியாது. இன்டெல்லின் முந்தைய எல்ஜிஏ1200 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 75 மி.மீ., எல்ஜிஏ1700இல் அது 78 மி.மீ.; பழைய கூலருக்கு அதன் நிறுவனம் மாற்றுப் பட்டைகள் தருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், எல்ஜிஏ1700க்கு வாங்கிய பட்டைகள் அடுத்து வந்த எல்ஜிஏ1851 சாக்கெட்டுக்கும் பொருந்தும்.